ஒங்கோல் பாதிரியாரும் பக்கிங்ஹாம் கால்வாயும்

சென்னைவாசிகளிடம் பக்கிங்ஹாம் கால்வாய் என்று சொன்னால் முதலில் மூக்கைத்தான் பொத்திக்கொள்வார்கள். அடுத்து கொசுவைப் பற்றிப் பேசுவார்கள். மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கம் பறக்கும் ரயிலின் தூண்கள் அந்தக் கால்வாய்க்குள்ளேயே கால் ஊன்றி நிற்கின்றன. அறுபது, எழுபது ஆண்டுகளுக்கு முன் அதில் விறகுப் படகும் உப்புப் படகும் வந்துபோனதைப் பார்த்தவர்கள் நம்மில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். வடக்கே ஆந்திராவின் பெத்த கஞ்சாமிலிருந்து தெற்கே மரக்காணம் வரை, கடற்கரையை ஒட்டியே 400 கிலோமீட்டருக்கு மேல் ஓடிய நீர்வழி அது.

இந்தக் கால்வாயில், ஒங்கோல் பக்கம் சுமார் மூன்றரை மைல் நீளத்தை வெட்டிக் கொடுத்த கான்ட்ராக்டர் ஒரு பாதிரியார். இது பலருக்கும் தெரியாது. பெயர் ஜான் எவரெட் கிளஃப். அமெரிக்க பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். 1866ல் ஒங்கோலுக்கு வந்து, சுமார் நாற்பது ஆண்டுகள் அந்த ஊரையே தன் ஊராக வைத்துக்கொண்டவர்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணைச் சொல்வார்கள். 1878 ஜூலை 3ஆம் தேதி, ஒரே நாளில் 2,222 பேருக்கு ஞானஸ்நானம். அவர் சபையைச் சேர்ந்தவர்கள் அதைப் பெருமையாகச் சொல்வார்கள். மதமாற்றத்தை எதிர்ப்பவர்கள் அதே எண்ணைக் குற்றச்சாட்டாகச் சொல்வார்கள். நான் அந்த மதத்தைச் சேர்ந்தவன் இல்லை. ஆனால் இரண்டு தரப்புமே அந்த எண்ணுக்கு முன்னால் இருக்கும் பதினைந்து மாதத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள் என்பது என் எண்ணம். அந்தப் பதினைந்து மாதத்தில் அவர் செய்யாமல் இருந்த ஒரு காரியத்தைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஆளைப் பற்றிக் கொஞ்சம்.

கிளஃப் 1836ல் நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில் ஃப்ரூஸ்பர்க் என்ற சிற்றூருக்கு அருகே பிறந்தார். விவசாயக் குடும்பம். பிழைப்புத் தேடி மேற்கே இல்லினாய், பிறகு அயோவா என்று நகர்ந்துகொண்டே போன குடும்பம். வாலிப வயதில் அவர் மினசோட்டா பக்கம் அரசாங்க நில அளவைக் குழுவில் சேர்ந்தார். நம் ஊரில் சர்வேயரோடு சங்கிலி பிடித்துக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருப்பீர்களே, அந்த மாதிரி ஆரம்பம். பிறகு தானே நிலம் அளக்கிற அளவுக்குத் தேறினார். வக்கீலாக வேண்டும் என்று ஆசை. படித்த இடம் பாப்டிஸ்ட் கல்வி நிலையம். அங்கே மனம் மாறி, ஊழியத்துக்கு வந்துவிட்டார். இந்த சர்வே அனுபவத்தைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

பாப்டிஸ்ட் என்றால் யார் என்று சிலர் கேட்கலாம். சீர்திருத்தச் சபைகளில் ஒரு பிரிவு. குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுக்கமாட்டார்கள். விவரம் தெரிந்த வயதில், ஒருவர் தானாக முன்வந்து நம்பிக்கையை அறிக்கையிட்டால்தான் கொடுப்பார்கள். அதுவும் தலையில் தண்ணீர் தெளிப்பது கிடையாது; ஆற்றிலோ தொட்டியிலோ முழுக்காட்டுவார்கள். வங்காளத்தில் செராம்பூரில் அச்சுக்கூடம் நடத்திய வில்லியம் கேரியும் பாப்டிஸ்ட்தான். 'தானாக முன்வந்து' என்ற இந்த ஒரு சொல்தான் பின்னால் கிளஃப்பைத் தூங்கவிடாமல் செய்திருக்க வேண்டும்.

தெலுங்கு நாட்டில் அமெரிக்க பாப்டிஸ்ட்டுகளின் வேலை 1836லேயே தொடங்கிவிட்டது. 1840லிருந்து நெல்லூர்தான் தலைமையிடம். ஆனால் பல ஆண்டுகள் உழைத்தும் சபையில் சேர்ந்தவர்கள் மிகக் கொஞ்சம். இதை இழுத்து மூடிவிடலாமா என்று அமெரிக்காவில் இருந்தவர்கள் ஒரு தடவைக்கு மேல் யோசித்தார்கள். வரைபடத்தில் தனியாக ஒரே ஒரு புள்ளியாக இருந்ததால் அதற்கு 'ஒற்றை நட்சத்திரம்' என்றே பெயர் வந்துவிட்டது. கிட்டத்தட்ட நஷ்டத்தில் ஓடும் கிளை அலுவலகம் மாதிரி. அந்தக் கிளைக்குத்தான் கிளஃப் தம்பதியர் 1864 நவம்பரில் பாஸ்டனில் கப்பல் ஏறி, அடுத்த ஆண்டு மெட்ராஸ் வழியாக வந்து சேர்ந்தார்கள். நெல்லூரில் மொழி கற்றுக்கொண்டு, 1866ல் ஒங்கோலுக்குக் குடிபோனார்கள். 1867 ஜனவரி 1ஆம் தேதி அங்கே சபை ஆரம்பித்தபோது மொத்தம் 8 பேர்.

ஒங்கோலில் அவருக்கு வந்த முதல் சோதனை சாதிதான்.

ஊரில் பிராமணர்களும் மற்ற மேல்சாதிக்காரர்களும் புதிய துரையிடம் நல்லபடியாகப் பழகினார்கள். பிள்ளைகளுக்கு இங்கிலீஷ் பள்ளிக்கூடம் வேண்டும் என்பது அவர்கள் விருப்பம். வெள்ளைக்காரப் பாதிரிமார் பலரின் கணக்கும் அதுவாகத்தான் இருந்தது. மேலே இருப்பவர்களைப் பிடித்தால் கீழே இருப்பவர்கள் தானாக வருவார்கள் என்ற கணக்கு. ஆனால் அதே நேரத்தில் இன்னொரு வாசல் வழியாக மாதிகர்கள் வந்தார்கள். தோல் பதனிடுவது, செருப்புத் தைப்பது, செத்த மாட்டை அப்புறப்படுத்துவது, ஊர்த் திருவிழாவில் பறை அடிப்பது என்று ஊரின் எல்லையில் வைக்கப்பட்டிருந்த மக்கள்.

அவர்களில் முக்கியமானவர் எர்ரகுண்ட்ல பேரய்யா. தோல் வியாபாரம் செய்தவர். யோகம், குரு உபதேசம் என்று தன் வழியில் ஏற்கனவே தேடிக்கொண்டிருந்தவர். கிளஃப் போய்ப் பிடித்த ஆள் இல்லை அவர். சொந்தக்காரர் ஒருவர் மூலம் இந்த மதத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு அவரே தேடி வந்தார். ஞானஸ்நானம் பெற்றபின் மனைவியோடு ஊர் ஊராக நடந்து தன் மக்களிடம் பேசினார். பிற்காலத்தில் ஒங்கோலைச் சுற்றி நடந்த எல்லாவற்றுக்கும் விதை போட்டவர் அவர்தான் என்று கிளஃப் குடும்பத்தாரே எழுதி வைத்திருக்கிறார்கள்.

மாதிகர்கள் வர ஆரம்பித்ததும் மேல்சாதிக்காரர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். இவர்களைச் சேர்த்துக்கொண்டால் நாங்கள் வரமாட்டோம், எங்கள் பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்பமாட்டோம். முப்பது வயது மனிதர் என்ன செய்வார்? செல்வாக்கு ஒரு பக்கம், இல்லாதவர்கள் ஒரு பக்கம். கிளஃப்பும் அவர் மனைவி ஹாரியட்டும் தனித்தனி அறையில் வேதாகமத்தைத் திறந்தபோது, உலகத்தில் அற்பமானவர்களைக் கடவுள் தேர்ந்துகொண்டார் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதிய அதே பகுதி இருவர் கண்ணிலும் பட்டதாகச் சொல்லியிருக்கிறார்கள். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம். முடிவு என்ன என்பதுதான் முக்கியம். மாதிகர்களுக்குக் கதவு திறந்தது. சொன்னபடியே மற்றவர்கள் விலகிப் போனார்கள்.

அடுத்த பத்து ஆண்டுகளில் சபை சில ஆயிரம் பேராக வளர்ந்தது. இதைக் கவனிக்க வேண்டும். பஞ்சம் வருவதற்கு முன்பே, ஒரு படி அரிசியும் யாரும் கொடுக்காத காலத்திலேயே, அந்த மக்கள் வந்துகொண்டிருந்தார்கள்.

பிறகு வந்தது 1876.

தாது வருஷப் பஞ்சம் என்று நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். மழை பொய்த்தது. தானிய விலை ஏழைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. ரயில் வண்டி இருந்தது; ஆனால் காசு இல்லாதவனுக்கு ரயிலில் வந்த அரிசியால் என்ன பயன்? 1878 வரை நீடித்த அந்தப் பஞ்சத்தில் தென்னிந்தியாவில் செத்தவர்கள் பல லட்சம் பேர். பசியில் பாதி, பின்னால் வந்த காலராவிலும் காய்ச்சலிலும் பாதி.

அரசாங்கம் கண்ணை மூடிக்கொண்டிருந்தது என்று சொல்ல முடியாது. நிவாரண வேலைகளைத் திறந்தது. ஆனால் செலவு கூடக் கூட கல்கத்தாவில் இருந்தவர்களுக்கு வயிற்றைக் கலக்கியது. சர் ரிச்சர்ட் டெம்பிள் என்பவரை அனுப்பினார்கள். 1877 தொடக்கத்தில் அவர் கூலியைக் குறைத்தார். நாள் முழுக்க மண் சுமக்கும் ஆணுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும். ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. மெட்ராஸின் சுகாதார கமிஷனர் டாக்டர் கார்னிஷ், இதை வைத்துக்கொண்டு உழைக்கிற மனிதன் உயிரோடு இருக்க முடியாது என்று கடுமையாக எதிர்த்தார். சில மாதங்களில் மெட்ராஸ் அரசு கூலியை உயர்த்தவும் செய்தது. அதற்குள் போன உயிர் போனதுதான்.

அப்போது மெட்ராஸ் கவர்னராக இருந்தவர் பக்கிங்ஹாம் பிரபு. அவர் காலத்தில் பஞ்ச நிவாரண வேலையாக, ஏற்கனவே துண்டு துண்டாக இருந்த கடலோரக் கால்வாய்களை இணைத்து நீட்டினார்கள். சென்னையில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்சத்தில் வெட்டியதுதான். அதனால்தான் அவர் பெயர் வந்தது. நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போகும் அந்தக் கால்வாயின் கரையில் கொட்டியிருப்பது பட்டினி கிடந்த ஜனங்கள் கூடையில் சுமந்த மண்.

ஒங்கோல் பகுதியிலும் இந்த வேலை நடந்தது. ஆனால் மாதிகர்களுக்கு அங்கே ஒரு சங்கடம். வேலை கொடுக்கிறவர், கூலி அளக்கிறவர், மேற்பார்வை பார்க்கிறவர் எல்லாரும் யார்? ஊரில் அவர்களைத் தள்ளி வைத்தவர்களேதான்.

நான் வேலை பார்த்தது அரசு அலுவலகத்தில், கணக்குப் பிரிவில். மஸ்டர் ரோல் என்ற தாளின் வலிமை எனக்குக் கொஞ்சம் தெரியும். வந்த ஆளுக்கு வரவில்லை என்று ஒரு கோடு. வராத ஆளுக்கு வந்தான் என்று ஒரு கோடு. மேலே உட்கார்ந்து பார்க்கிற அதிகாரிக்கு அது கோடு. கீழே நிற்கிறவனுக்கு அன்றைய சோறு. சாதாரண நாளிலேயே அப்படி என்றால், பஞ்ச காலத்தில் மஸ்டர் ரோல் பிடித்தவன் கையில்தான் உயிரும் சாவும் இருந்திருக்கும். தீண்டக்கூடாது என்று ஊர் ஒதுக்கி வைத்தவனுக்கு அங்கே என்ன நியாயம் கிடைத்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

இந்த இடத்தில்தான் கிளஃப்பின் பழைய சர்வே அனுபவம் கைகொடுத்தது. அவருக்கு அளக்கத் தெரியும், மட்டம் பார்க்கத் தெரியும். அரசாங்கத்திடம் போய், கால்வாயில் ஒரு பகுதியை எனக்கு கான்ட்ராக்டாகக் கொடுங்கள், நானே ஆள் வைத்து வெட்டி முடிக்கிறேன் என்று கேட்டார். கொடுத்தார்கள். சுமார் மூன்றரை மைல்.

வேலை நடந்த இடத்தில் குடிசைகள் போட்டார்கள். ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்தார்கள். சபையின் உபதேசிமார்களையே மேஸ்திரிகளாக வைத்தார். ஆளுக்கு ஒரு கூட்டம் என்று பிரித்துக் கொடுத்துவிட்டார். வேலை செய்தவர்களுக்குக் கூலி கைக்கு வந்தது. அடி உதை கிடையாது. சாதி சொல்லித் துரத்துவது கிடையாது. கிறிஸ்தவர்களுக்கு மட்டும் வேலை என்றும் இல்லை. யார் வந்தாலும் மண்வெட்டி கிடைத்தது. மேற்பார்வை பார்த்தவனும் தன் சனம் என்பது அந்த மக்களுக்கு வாழ்க்கையிலேயே புதிய அனுபவமாக இருந்திருக்கும்.

இலவசமாகக் கஞ்சி ஊற்றுவதும் நல்ல காரியம்தான். வேலை செய்ய முடியாத கிழவனுக்கும் குழந்தைக்கும் அதுதான் வழி. ஆனால் உடம்பில் கொஞ்சம் தெம்பு இருக்கிறவனுக்கு வேலை கொடுத்துக் கூலி கொடுப்பது வேறு மாதிரி. கஞ்சித் தொட்டி முன்னால் நிற்கிறவன் தலை குனிந்து நிற்கிறான். கூலி வாங்குகிறவன் அப்படி நிற்க வேண்டியதில்லை. கிளஃப் இதைத் தெரிந்தே செய்தாரோ, தனக்குத் தெரிந்த தொழிலை வைத்துச் செய்தாரோ, பலன் ஒன்றுதான்.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

அந்தக் கூட்டத்தில் பலருக்குக் கிறிஸ்தவத்தில் ஈடுபாடு வந்துவிட்டது. வராமல் எப்படி இருக்கும்? மேஸ்திரியாக இருந்தவர் உபதேசியார். ஓய்வு நேரத்தில் அவர் என்ன பேசியிருப்பார் என்பது தெரிந்ததே. எங்களையும் சபையில் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று ஜனங்கள் கேட்க ஆரம்பித்தார்கள்.

கிளஃப் மாட்டேன் என்றார்.

பஞ்சம் நீடிக்கும் வரை, உதவி நடந்துகொண்டிருக்கும் வரை ஒருவருக்கும் ஞானஸ்நானம் கிடையாது என்று முடிவு செய்துவிட்டார். சோற்றுக்காகச் சேருகிறவன் யார், மனம் மாறிச் சேருகிறவன் யார் என்று பிரித்துப் பார்க்க அந்த நேரத்தில் யாராலும் முடியாது; கேட்கிறவனுக்கே தெரியாது. 1877லிருந்து 1878 ஜூன் வரை சுமார் பதினைந்து மாதங்கள், ஆயிரக்கணக்கானோர் கேட்டும் ஒருவரைக்கூடச் சேர்க்கவில்லை.

அவர் இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம். நாற்பது வருடமாக நஷ்டத்தில் ஓடிய கிளை. எத்தனை பேரைச் சேர்த்தீர்கள் என்று அமெரிக்காவிலிருந்து ஆண்டறிக்கை கேட்பார்கள். பணம் கொடுக்கிறவர்களுக்கு எண்ணிக்கை காட்ட வேண்டும். வாசலில் ஆயிரக்கணக்கில் ஆள் நிற்கிறது. வேண்டாம் என்று சொல்வதற்கு எவ்வளவு மனவுறுதி வேண்டும்? இலக்கு முடிக்க மார்ச் மாதக் கடைசியில் நாம் பட்ட பாடு நினைவிருக்கிறவர்களுக்கு இது புரியும்.

1878 நடுவில் நிலைமை மாறியது. மழை பெய்தது. நிவாரணப் பணமும் தீர்ந்துவிட்டது. ஒங்கோலுக்கு வடக்கே குண்டலகம்மா ஆற்றங்கரையில் வெல்லம்பள்ளி என்ற ஊரில் உபதேசிமார்களைக் கூட்டி நிலவரத்தைப் பேசலாம் என்று கிளஃப் வரச்சொன்னார். அவர்களோடு பெரிய ஜனத்திரளும் வந்து நின்றது. இனிமேல் கொடுக்க என்னிடம் எதுவும் இல்லை, வீட்டுக்குப் போங்கள் என்றார். எங்களுக்குப் பணம் வேண்டாம், இனி உழைத்துப் பிழைத்துக்கொள்வோம், ஞானஸ்நானம்தான் வேண்டும் என்று அவர்கள் அசையாமல் நின்றார்கள். அதற்கு மேல் மறுக்க அவரிடம் காரணம் இல்லை. உபதேசிமார்களை வைத்து, தெரிந்தவர்களின் சாட்சியோடு ஒவ்வொருவராக விசாரித்துப் பெயர் எழுதினார்கள்.

ஜூலை 2ஆம் தேதி 614 பேர். 3ஆம் தேதி 2,222 பேர். 4ஆம் தேதி 700 பேர். மூன்று நாளில் 3,536. நடு நாளில் ஆறு இந்தியப் போதகர்கள், இருவர் இருவராக முறை மாற்றி ஆற்றில் நின்று, காலையும் மாலையுமாகச் சுமார் 9 மணி நேரம் முழுக்காட்டினார்கள். கிளஃப் கரையிலிருந்து நடத்திக் கொடுத்தாரே தவிர, தண்ணீரில் இறங்கவில்லை. அந்த ஆண்டு முடிவதற்குள் சேர்ந்தவர்கள் ஒன்பதாயிரத்தைத் தாண்டிவிட்டார்கள். உலகத்திலேயே பெரிய பாப்டிஸ்ட் சபை ஒங்கோல் சபை என்று பெயர் வந்தது.

இதை வைத்துத்தான் அன்றிலிருந்து சண்டை.

ஒரு தரப்பு சொல்லும்: பஞ்சத்தைப் பயன்படுத்தி ஆள் பிடித்தார்கள். இதில் உண்மையே இல்லை என்று ஒதுக்கிவிடக்கூடாது. கூலி கொடுத்த கையும் உபதேசம் செய்த வாயும் ஒரே ஆளுடையவை. பசித்தவனுக்கு உதவியவரிடம் நன்றி இருக்கும். அந்த நன்றியே ஒரு இழுப்புதான். பதினைந்து மாதம் கழித்தும் அது மறைந்திருக்காது. உபதேசிமார்களை மேஸ்திரியாக வைக்காமல் இருந்திருந்தால் இன்னும் சுத்தமாக இருந்திருக்கும் என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் அவர்களை விட்டால் மாதிகனை மனிதனாக நடத்தும் மேஸ்திரி அன்று எங்கே கிடைத்திருப்பார் என்ற கேள்வியும் கூடவே வருகிறது.

இன்னொரு தரப்பு சொல்லும்: இது தெய்வச் செயல், கிளஃப் என்ற மகானின் சாதனை. இதுவும் எனக்கு முழுதாகச் சரிப்படவில்லை. கால் தேய நடந்தவர் பேரய்யா. ஆற்றில் நின்று முழுக்காட்டியவர்கள் இந்தியப் போதகர்கள். பெயர் மட்டும் துரைக்கு.

இரண்டு தரப்பும் மறந்துபோவது அந்த 2,222 பேரின் புத்தியை. ஏமாந்து போனவர்கள் என்று ஒருவர் சொல்கிறார். ஆட்டு மந்தை மாதிரி இரட்சிக்கப்பட்டவர்கள் என்று மற்றவர் சொல்கிறார். அவர்களுக்கும் கணக்குப் பார்க்கத் தெரியாதா? ஊருக்குள் நடந்தால் தீட்டு, கிணற்றைத் தொட்டால் அடி, கூலி கேட்டால் வசவு. ஒருவர் வந்து பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார், பக்கத்தில் உட்கார வைக்கிறார், பிள்ளைக்கு எழுத்து சொல்லிக் கொடுக்கிறார். ஊர்ப் பெரியவர்கள் கூடிப் பேசி, இந்தப் பக்கம் போவோம் என்று முடிவெடுத்தார்கள். அரிசி முடிந்த பிறகும் அந்த முடிவில் நின்றார்கள். அதை அவர்கள் முடிவாக ஏற்றுக்கொள்வதுதான் மரியாதை.

அந்த முடிவுக்கு அவர்கள் விலையும் கொடுத்தார்கள். செத்த மாட்டிறைச்சியை விட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வரமாட்டோம், திருவிழாவுக்குப் பறை அடிக்கமாட்டோம் என்றார்கள். ஊர்க்காரர்களுக்குப் பொறுக்குமா? வேலை மறுப்பு, அடிதடி, பொய் வழக்கு என்று பல கிராமங்களில் தொல்லை. வெறும் சோற்றுக்காக வந்தவர்கள் இத்தனைக்கும் நின்றிருப்பார்களா?

1878க்குப் பிறகு நடந்த வேலையைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. எண்ணிக்கை இல்லாத வேலை அது. கிராமம் கிராமமாகச் சின்னப் பள்ளிக்கூடங்கள். நெல்லூருக்கும் ஒங்கோலுக்கும் நடுவில் ராமபட்டினத்தில் உபதேசிமார்களுக்குப் பயிற்சிப் பள்ளி. ஒங்கோலில் ஆண் பிள்ளைகளுக்கும் பெண் பிள்ளைகளுக்கும் விடுதியோடு பள்ளி. ஒரு தலைமுறைக்கு முன் எழுத்தைப் பார்த்தேயிராத வீட்டிலிருந்து வாத்தியார்கள் வந்தார்கள். பிராது எழுதத் தெரிந்தது. கடன் பத்திரத்தில் என்ன இருக்கிறது என்று படிக்கத் தெரிந்தது. ஒரு ஏழைக் குடும்பத்துக்கு இது எவ்வளவு பெரிய காவல் என்பதைப் பத்திரம் படிக்கத் தெரியாமல் நிலத்தை இழந்த குடும்பங்களைக் கேட்டால் சொல்வார்கள்.

குறைகளும் இருந்தன. எல்லாரையும் ஒரே தட்டில் உட்கார வைக்க வந்த சபை, பெரும்பாலும் மாதிகர் சபையாகவே நின்றுவிட்டது. மாலர்கள் பெரும்பாலும் வேறு சபைகளில். சாதி வாசலிலேயே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வரவில்லை, காலோடுதான் வந்தது. செலவுக்கு அமெரிக்காவை எதிர்பார்க்கும் பழக்கமும் லேசில் போகவில்லை. நாற்பது ஆண்டு ஒருவரே ஓரிடத்தில் இருந்தால் எல்லாவற்றுக்கும் அவர் முகத்தைப் பார்க்கிற பழக்கமும் வந்துவிடும்.

ஆனால் அந்த நாற்பது ஆண்டுக்கு இன்னொரு பக்கம் உண்டு. மூன்று வருடத்துக்கு ஒரு முறை மாற்றலாகிப் போகும் அதிகாரி, தான் போட்ட திட்டம் என்ன ஆனது என்று பார்ப்பதில்லை. கிளஃப் பார்த்தார். 1878ல் பெயர் எழுதிய வாலிபனின் பேரன் பள்ளிக்கூடம் போவதைப் பார்க்கிற அளவுக்கு அங்கேயே இருந்தார். மனைவி ஹாரியட் 1893ல் இறந்தார். பிறகு மணந்த எம்மா ரோஷன்புஷ், மாதிகர்களின் கதைகளைக் கேட்டுப் புத்தகமாகவே எழுதினார். உடல் தளர்ந்த பிறகு கிளஃப் அமெரிக்கா திரும்பி, 1910 நவம்பரில் ராச்செஸ்டர் நகரில் காலமானார். அவர் சொன்னவற்றைத் தொகுத்து எம்மா 1914ல் வெளியிட்டார். ஒங்கோலில் அவர் பெயரில் ஆஸ்பத்திரி வந்தது.

இதையெல்லாம் இப்போது ஏன் எழுதுகிறேன்?

2015 டிசம்பர் வெள்ளத்தை நாம் எல்லாரும் பார்த்தோம். இடுப்பளவு தண்ணீரில் ஜனங்கள் நிற்க, வந்த நிவாரணப் பொருள் மேல் தலைவர் படம் போட்ட ஸ்டிக்கர் ஒட்டினார்கள் என்று ஊரே சிரித்தது. யாரோ எங்கிருந்தோ அனுப்பிய பொருள், அதில் ஒட்டுவதற்கு ஒரு படம். அரசியல்வாதியை மட்டும் சொல்லிப் பயனில்லை. நாமும் குறைந்தவர்கள் இல்லை. கோயிலுக்கு ஒரு டியூப் லைட் கொடுத்தால் அதன் வெளிச்சமே வெளியே வராத அளவுக்கு உபயதாரர் பெயர். முதியோர் இல்லத்தில் ஒரு வேளைச் சாப்பாடு போட்டால், சாப்பிடுகிறவர்கள் கையில் தட்டை வைத்துக்கொண்டு போட்டோவுக்குச் சிரிக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் போடாவிட்டால் போட்ட சோறு செரிக்காது.

வேலைக்காரப் பெண்ணின் பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டுகிறோம். நல்லது. அடுத்த மாதம் அவள் வேறு வீட்டில் கூடுதல் சம்பளத்துக்குப் போனால் நமக்கு என்ன தோன்றுகிறது? இவ்வளவு செய்தேனே என்று தோன்றினால், கட்டியது கட்டணம் இல்லை, முன்பணம்.

உதவி செய்கிறவனுக்கும் வாங்குகிறவனுக்கும் நடுவில் எப்போதும் ஒரு மேடு பள்ளம் இருக்கிறது. மேட்டில் நிற்கிறவன் வாயைத் திறந்து கேட்கவே வேண்டாம். பள்ளத்தில் இருக்கிறவனுக்குப் புரிந்துவிடும், இவருக்கு என்ன பிடிக்கும் என்று. ஓட்டு, நன்றி, விசுவாசம், மதம், எதுவாக இருந்தாலும் சரி. நான் எதையும் எதிர்பார்க்கவில்லை என்று வாயால் சொன்னால் போதாது. கொடுத்தாலும் இப்போது வாங்கிக்கொள்ள மாட்டேன் என்று தடுக்க வேண்டியிருக்கிறது. கிளஃப் செய்தது அதைத்தான். அவர் ஆசைப்படாதவர் இல்லை. அந்த மக்கள் தன் மதத்துக்கு வரவேண்டும் என்பதற்காகவே கடல் தாண்டி வந்தவர். ஆனாலும் பசி இருக்கும் வரை அந்த ஆசைக்குப் பூட்டுப் போட்டு வைத்தார்.

மதம் பரப்புவது சரியா தவறா என்ற வழக்கு இங்கே தீராது. அது என் நோக்கமும் இல்லை. நம் ஊரில் எந்தக் கட்சியாவது, எந்த மடமாவது, எந்த அறக்கட்டளையாவது உதவி என்று வந்தால் நான் இந்த ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்ப்பேன். இவர்கள் கொடுப்பது முடிந்து, வாங்கியவன் தன் காலில் நிற்கும் வரை, தங்களுக்கு வேண்டியதைக் கேட்காமல் பொறுத்திருப்பார்களா? 1877ல் ஒங்கோலில் ஒருவர் பதினைந்து மாதம் பொறுத்திருந்தார். நம் ஆட்கள் ஸ்டிக்கர் ஒட்டாமல் பதினைந்து நாள் பொறுக்கட்டும், போதும்.